ஸ்டெல்லாவின் அம்மா நடந்த படம்

கழுவினாலும் போகாத ஒரு மெழுகு வாசனை அந்த ஆண்டின் இரண்டாம் பருவம் முழுவதும் எங்கள் விரல்களில் இருந்தது. மதியச் சோற்றைப் பிசையும்போதுகூட மூக்கில் ஏறும். சேக்காட்டில் நான் ஏழாவது படித்த பள்ளிக்கு, பொம்மைகளை வைத்துப் படம் எடுக்கச் சொல்லித்தர பெங்களூரிலிருந்து ரேகா மிஸ் வந்திருந்தார். "கிளே" என்று நாங்கள் சொன்ன, மெழுகு கலந்த வண்ணக் களிமண்ணில் பொம்மை செய்து, அதை நூலளவு நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் நூலளவு நகர்த்தி இன்னொரு போட்டோ என்று எடுத்துக்கொண்டே போய், எல்லாவற்றையும் வேகமாக ஓட்டினால் பொம்மை தானாக நடக்கும். காற்றில் எதுவும் அசைந்துவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய மேசையைச் சுற்றி நிற்போம்.

கதை ஸ்டெல்லாவுடையது. என் பக்கத்தில் உட்காருபவள். ஏரிக்கரைத் தெருவில் வீடு. கம்பெனி வேலை முடிந்து ஓர் அம்மா தெருவில் நடந்து வந்து வீட்டுக் கதவைத் திறக்கிறார், அவ்வளவுதான் கதை. பொம்மையை நகர்த்துவதும் ஸ்டெல்லாதான். ஒவ்வோர் அடிக்கும் அதை இடப்பக்கம் கொஞ்சம் சாய்ப்பாள். ஏன் என்று மிஸ் கேட்டார்.

"எங்கம்மா நேரா நடக்காது மிஸ். நாள்பூரா நின்னுகினே வேல செய்யுதில்ல, சாஞ்சி சாஞ்சிதான் ஊட்டுக்கு வரும்."

எடுத்தவரைக்கும் மிஸ் ஓட்டிக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் ஸ்டெல்லாவின் அம்மாவேதான் விரலளவு உருவத்தில் வந்துகொண்டிருந்தார்.

பொம்மை பாதித் தெரு வந்திருந்த நிலையில் ஸ்டெல்லா பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வராததால் சாயங்காலம் மிஸ்ஸும் நானும் ஏரிக்கரைக்குப் போனோம். தெருவே இல்லை. "ஜேசிபி" இடித்துப் போட்ட சுவர்களுக்கு நடுவே ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு நிமிராமலே சொன்னார்.

"எல்லாரையும் லாரில ஏத்திகினு போய்ட்டாங்கம்மா. ஊருக்கு அந்தக் கோடில, மகாபலிபுரம் ரோட்டாண்ட எங்கியோ ஊடு குடுக்குறாங்களாம்."

ஸ்டெல்லாவின் அம்மா நம்பருக்கு மிஸ் அங்கேயே நின்று போட்டுப் பார்த்தார். சுவிட்ச் ஆஃப். மறுநாள் தலைமையாசிரியை, "நம்ம கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார். என் அப்பா, "அது ஏரி பொறம்போக்கு, நாம இன்னா பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பெரியவர்களுக்கும் வழி தெரியாத விஷயம் உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆண்டு விழாவில் படத்தைக் காட்டியாக வேண்டும். "நீதானே அவ பக்கத்துலயே நின்ன, நீ நகர்த்து" என்றார் மிஸ். கொஞ்சமாகச் சாய்த்தால் சாய்ந்ததே தெரியவில்லை. கூடச் சாய்த்தால் பொம்மை விழுந்தது. எவ்வளவு என்பது ஸ்டெல்லாவின் விரல்களுக்குத்தான் தெரியும். பல தடவை பார்த்துவிட்டு, "நேராவே நடக்கட்டும், விடு" என்றார் மிஸ்.

விழாவன்று திரையில் அந்த அம்மா சாய்ந்து சாய்ந்து பாதித் தெரு வந்தார்; அங்கிருந்து நிமிர்ந்து விறுவிறுவென நடந்து கதவைத் திறந்தார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் தன் அம்மாவிடம், "அந்த ஆன்ட்டிக்குக் கால் சரியாயிடுச்சும்மா" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். மிஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அந்த ஏரிக்கரையில் கம்பிவேலியும் நடைபாதையும் வந்துவிட்டன. காலையில் நானும் அங்கே நடக்கிறேன். தெரு எந்த இடத்தில் தொடங்கியது என்று என்னாலேயே சொல்ல முடிவதில்லை. சில இரவுகளில் போனில் ஸ்டெல்லா என்று தேடுகிறேன். முகம் முகமாக வருகிறது. இத்தனை ஆண்டுகளில் அவள் எப்படி மாறியிருப்பாள் என்று தெரியாமல், ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.