சாமி இல்லாத வீட்டில் சகுனம்

பச்சை பிளாஸ்டிக் குடம் அது. தம்பி இரண்டாவது தடவையாக ராணுவ ஆளெடுப்புக்குக் கிளம்பிய காலையில், எதிர்வீட்டு அக்கா அதைத் தளும்பத் தளும்ப இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களுக்கு நேர் எதிரே வந்தார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தெருமுனை தாண்டியபிறகுதான் உறைத்தது, அன்றைக்குக் குழாயில் தண்ணீர் விடும் நாளே இல்லை. தம்பியைப் பஸ் ஏற்றிவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சார்தான் நேத்தே கூப்பிட்டுச் சொன்னாரு, புள்ள கெளம்பையில ஒரு கொடம் தண்ணியோட எதிர்ல வாம்மான்னு. நாளைக்குக் கொழாயில தண்ணி வராதே சார்னேன். வெறுங்கொடத்தோட வந்துராத, தொட்டியில மோந்துக்கோன்னாரு.”

சார் என்றால் என் அப்பா. ராஜபாளையத்தில் அறிவியல் வாத்தியார். கடவுள் இல்லை என்று மைக் பிடித்துச் சொன்னவர். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு சாமி படம் கிடையாது, காலண்டரில்கூடக் கிடையாது. ஐயர் இல்லாத கல்யாணம் எங்கே நடந்தாலும் அப்பாவைத்தான் தலைமை தாங்கக் கூப்பிடுவார்கள். “பூன அது பாட்டுக்கு எலி புடிக்கப் போகுது. நீ எந்தச் சோலியாப் போறன்னு அதுக்குத் தெரியுமாய்யா?” என்று அவர் கேட்டால் பந்தலே சிரிக்கும். புரட்டாசி சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டித் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றிலிருக்கும் பெருமாளுக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்து, “மலைக்கு நடந்தா ஒடம்புக்கு நல்லதுதான், அதுக்கு எதுக்கு மொட்ட?” என்பார். அப்படிப்பட்டவர், வெறுங்குடம் கூடாது என்றிருக்கிறார்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை மட்டும் அப்பா ஏழரைக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார். வாரத்தொடக்கத்தில் சீக்கிரம் போனால்தான் பிள்ளைகளுக்குப் பயம் இருக்கும் என்பார். லீவு நாளில் வெள்ளிக்கிழமை பத்தரை ஆனால் போதும், செருப்பு வார் தைக்க வேண்டியிருக்கும், சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டியிருக்கும், பன்னிரண்டு அடிக்கும்வரை வாசலைத் தாண்ட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் வெயில் தாழட்டும் என்பார், அடை மழை பெய்தாலும். ராகுகாலம் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வந்ததே இல்லை. பெயரைச் சொல்லாவிட்டால் அது பகுத்தறிவு போலிருக்கிறது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். அந்தக் குடத்தை என்னால் சிரித்துக் கழிக்க முடியவில்லை. ஏனென்றால் எதிர்வீட்டு அக்கா வந்து நின்ற அந்த இடம் என் அத்தையுடைய இடம்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் மாமா லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். எங்கள் சொந்த ஊரான மம்சாபுரத்தில், துக்க வீட்டில் கிழவிகள் கூடி அத்தையின் பொட்டை அழிக்கப் போனபோது, அப்பா குறுக்கே வந்து நின்றாராம். “எந் தங்கச்சி நெத்தியில எவளாவது கை வச்சா, கைய ஒடிச்சிருவேன்” என்றாராம். சொந்தபந்தம் மொத்தமும் அவரோடு பேச்சை நிறுத்தியது. அவர் அசரவில்லை. இதை எனக்குச் சொன்னது அத்தைதான், எத்தனையோ தடவை, ஒவ்வொரு தடவையும் குரல் இளகி. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. அப்பா ஒன்றும் வேஷக்காரர் இல்லை, அன்றைக்கு நிஜமாகவே ஊரை எதிர்த்து நின்றவர். அப்புறம் எங்கள் அம்மா காய்ச்சலில் போனபோது, என்னையும் தம்பியையும் வளர்க்க அத்தை ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தார். எனக்குத் தலை பின்னியதும் தம்பிக்குச் சோறு ஊட்டியதும் அந்தக் கைதான்.

தம்பி முதல் தடவை ஆளெடுப்புக்குப் போன அன்றைக்கு அத்தைதான் வாசலில் நின்றார். டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, “நல்லா ஓடுய்யா” என்று முதுகில் தட்டினார். அவன் நன்றாக ஓடவில்லை. எப்படி ஓடுவான்? விடிந்தபிறகும் போர்த்திப் படுத்துக்கிடந்தவன். கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். “பிராக்டீஸ் பத்தல” என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். நியாயமான பேச்சு, நானும் நம்பினேன்.

இரண்டாவது தடவை அவன் கிளம்புவதற்கு முந்தின நாள், அப்பா அத்தையிடம் சாதாரணமாகச் சொன்னார்: “மம்சாபுரத்துல பருத்தி எடுக்காங்களாம். நீ செத்த போயிப் பாத்துட்டு வாயேன்.” எங்கள் வயல் குத்தகைக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அங்கே அத்தை பார்ப்பதற்கு ஒரு செடிகூட இல்லை. அத்தை அண்ணன் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார். “சரிண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு மஞ்சள் பையில் ஒரு சேலையை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பருத்தியைத்தான் பார்க்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். மறுநாள் குடத்தைப் பற்றி விசாரித்தபிறகுதான் இரண்டுக்கும் உள்ள முடிச்சு எனக்குப் புரிந்தது.

அப்பாவிடம் நேருக்கு நேர் கேட்டேன். “அம்மா போன பொறவு நீங்களும் பொண்டாட்டி இல்லாத ஆம்பளதானப்பா. நீங்க எம்புட்டுப் பேருக்கு எதிர்ல போறீங்க, மேடையேறித் தாலி எடுத்துக் குடுக்கீங்க. ஒங்களப் பருத்தி எடுக்க யாரும் அனுப்பலையே?” அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எனக்கு இதுல எல்லாம் நம்பிக்க கெடையாதும்மா. பையன் வாழ்க்கை, ஒரு ஜாக்கிரதைக்குத்தான்.” ஜாக்கிரதையாம்! சாமி கும்பிடுகிற எதிர்வீட்டு அக்கா, தன் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்ட என் அத்தையைத்தான் கூப்பிட்டார். வேண்டுதல் தப்பினால் கேட்பதற்கு அவருக்கு ஒரு பெருமாளாவது இருக்கிறார். பெருமாளையும் துரத்திவிட்டு, சகுனத்தை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட எங்கள் வீட்டில் அத்தை யாரிடம் போய்க் கேட்பார்?

கொடுமை என்னவென்றால், தம்பி தேறிவிட்டான். தோற்றுப்போன நாளிலிருந்து அவன் இருட்டோடு எழுந்து மலையடிவாரத்து ரோட்டில் ஓடினான், வனத்துறை செக்போஸ்ட் வரைக்கும், மழையென்றும் பார்க்காமல். கால் கொப்புளித்தபோது அதற்கு எண்ணெய் போட்டுவிட்டதும் அத்தைதான். ஓடியது அவன் கால், பெயர் குடத்துக்குப் போனது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு வீட்டில் எந்த நல்ல காரியம் வந்தாலும், யாரும் சொல்லாமலே அத்தை மஞ்சள் பையை எடுத்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு மம்சாபுரத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை. என் கல்யாணத்தன்று அத்தைக்கே காய்ச்சல். ஐயர் இல்லை, நல்லநேரம் பார்க்கவில்லை. பெண் விடுதலையைப் பற்றி அப்பா பேசப் பேசக் கைதட்டல் ஓயவில்லை. மாலையும் கழுத்துமாக நான் கூட்டத்தில் அத்தை முகத்தைத் தேடினேன். எழுந்துபோய் அந்த மைக்கைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது.

அப்பா இப்போது இல்லை. அத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில் இருக்கிறார். போன மாதம் என் மகள் போலீஸ் வேலைக்கான உடல்தகுதித் தேர்வுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால், அத்தை சேலையை மடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு உச்சி காந்திவிட்டது. பையைப் பிடுங்கினேன்.

“எங்க போறீங்க?”

“மம்சாபுரத்துக்கு ஒரு எட்டு...”

“அங்க யாரு இருக்கா? ஒருத்தரும் இல்ல. நாளைக்கு நீங்கதான் எதிர்ல வரணும்.”

“ஏட்டி, எதுக்கு வம்பு? நம்பிக்கையெல்லாம் ஒன்னும் இல்ல. சும்மா ஒரு இதுக்குத்தான்.”

அப்பா பேசிய அதே பேச்சு, அத்தை வாயில். நான் கத்தித் தீர்த்துவிட்டேன். அப்பாவைத் திட்டினேன், ஊரைத் திட்டினேன், இத்தனை வருஷம் வாய் திறக்காத அத்தையையும் சேர்த்தே திட்டினேன். மகள் ஒன்றும் புரியாமல், “ஆச்சி நீ வா, எனக்கு நீதான் வரணும்” என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கடைசியில் அத்தை சரி என்றார். அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது, சின்னப் பெண்ணுக்கு வருவதைப் போல.

காலையில் எங்களுக்கு முன்பே எழுந்து குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, நெற்றியில் பொட்டைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு அத்தை வெளி கேட்டருகே போய் நின்றார். மகள் ஷூ நாடாவை இறுக்கிவிட்டு நிமிர்ந்து, தோள்பையைச் சரி செய்துகொண்டிருந்தாள். அத்தை சிரித்துக்கொண்டே எதிரே ஒரு அடி வைத்தார். நான் கூப்பிட்டு வந்து நிறுத்திய அத்தையைத் தாண்டி, என் கண் தெருவுக்குப் போனது. வேறு யாராவது வருகிறார்களா, ஒரு சின்னப் பெண், பூ வைத்த ஒரு பெண், யாராவது? ஒரு நொடிதான். கண்ணைத் திருப்பினால் அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் முகத்தை அன்றைக்குப் பார்த்தாரே, அந்தப் பார்வை.

“அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டுச் சந்து வழியாக அத்தை பின்கட்டுக்குப் போய்விட்டார். மகள், “ஆச்சி, போயிட்டு வாரேன்” என்று குரல் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் போய் வெகுநேரம் கழித்துத்தான் பால்காரர் வந்தார்.