அசையாதக்காவும் மண்தேனீயும்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அந்த அம்மாளுக்கு அசையாதக்கா என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. காலையில் கதவைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டும் வரை அவர் வாயில் வருவது அதுதான்: "மூச்சை அடக்குங்க, அசையாதீங்க." படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காத நோயாளி கிடையாது. அதற்கும் பதில் தயார்: "எடுக்கிறதுதான் நான். பாத்துச் சொல்றது டாக்டர்." திரையில் பளிச்சென்று தெரிந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டார்.

ஜன்னல் இல்லாத அறையில் நாளெல்லாம் எலும்பைப் பார்ப்பவருக்கு, குளிர் போய் வசந்தம் வந்துவிட்டால் கால் தரையில் நிற்காது. விடுமுறையன்று கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, ஊரைத் தாண்டியிருக்கும் புல் சரிவுக்குப் போய்விடுவார். தையல்கடை வைத்திருக்கும் அவர் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலும் குடையுமாகப் பின்னாலேயே வருவார். பூவின் முன்னால் மனைவி குப்புறக் கிடப்பதைப் பார்த்து அவருக்கு ஒரு வருத்தம் உண்டு. "கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து என் மூஞ்சிய இவ்வளவு கிட்டத்துல பாத்திருப்பியா?" என்பார். "நீங்கதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறீங்களே" என்பார் அக்கா.

சரிவில் பூவுக்குப் பஞ்சமில்லை. மஞ்சள், வெள்ளை, பெயர் தெரியாத ஊதா. அவற்றின் மேல் வண்டு, வெட்டுக்கிளி, பனியில் நனைந்து பறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பட்டாம்பூச்சி. எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. மனசு மட்டும் ஒரு தேனீயிடம் போய் ஒட்டிக்கொண்டது. அது கூடு கட்டாத தேனீ. மண்ணுக்குள் ஆளுக்கொரு வளை. குளிர்காலம் முழுக்க உள்ளே தூங்கி, ஊதாப்பூ மலரும்போது மண்ணை முட்டிக்கொண்டு மேலே வரும். முகமெல்லாம் புழுதியோடு அது முதன்முதலில் தலை நீட்டுகிற அந்த நொடியை எடுத்துவிட வேண்டும். அக்காவின் ஆசை அவ்வளவுதான். ஒரு வருஷம் கை ஆடிவிட்டது, ஒரு வருஷம் மேகம் வந்து கெடுத்தது. அடுத்த வருஷம் விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே கண்ணாடி பவர் ஏறிவிட்டது.

அதற்காகப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வளைகளுக்கு நடுவே வெளிச்சம் சரியாக விழும் இடம் ஒன்றுதான். குறுக்கே நிற்கும் புல்லைப் பிடுங்குவார், கல்லைப் பொறுக்குவார், ரப்பர் விரிப்பைப் போட்டு முழங்கையை ஊன்றிப் படுப்பார். வருஷா வருஷம் அதே இடம், அதே படுக்கை. பின்னணி துடைத்த மாதிரி இருக்கிறதே என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் மெச்சுவார்கள்.

ஆனால் தேனீக்கள் குறைந்துகொண்டே வந்தன. அக்காவின் கண் சரிவில் மந்தை மேய்க்கும் ஆட்டுக்காரர் மேல் விழுந்தது. உன் ஆடுகள் மிதித்துத்தான் வளையெல்லாம் போயிற்று என்று அந்த மனுஷனைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். அவர் மந்தையை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். அப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வசந்தத்தில் ஊதாப்பூ மலர்ந்தது. தேனீ ஒன்றுகூட வரவில்லை. அக்கா காலையிலிருந்து படுத்தே கிடந்தார். வெயில் ஏறவும், நிழலுக்குக் குடையை நட்டு வைக்கலாம் என்று தையல்காரர் முனையை மண்ணில் குத்தினார். இறங்கவில்லை. இரண்டடி தள்ளிக் குத்தினார், பொலபொலவென்று இறங்கியது.

"என்ன இது, நீ படுக்கிற இடத்துல மட்டும் சிமெண்ட் போட்டு வச்சிருக்கியா?" என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. எழுந்து விரிப்பை விலக்கினார். முழங்கை ஊன்றிய இடம், இடுப்பு, முட்டி எல்லாம் வழவழவென்று இறுகிக் கிடந்தன. செல்போனில் பழைய படங்களைத் தேடி எடுத்தார். முதல் வருஷத்துப் படத்தில் உதிரி மண், சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். அடுத்ததில் ஓட்டை குறைவு. போன வருஷத்தில் மண் பளபளத்தது. பின்னணி எவ்வளவு சுத்தமாகிவிட்டது என்று அப்போது அவர் சந்தோஷப்பட்டிருந்தார்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார் தையல்காரர்.

இந்தப் படத்துக்கு டாக்டர் தேவைப்படவில்லை. "ஆடு இல்லைங்க. நான்தான். படுத்துப் படுத்தே மூடிட்டேன்."

வீட்டுக்காரர் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னக் கத்தரிக்கோலை வாங்கி அக்கா மண்ணைக் குத்திப் பெயர்த்தார். ஒரு கட்டி உடைந்தது. உள்ளே தேனீ. தலை மேலே பார்த்தபடி, கால்கள் மடங்கி, சிறகு கசங்காமல், முகமெல்லாம் புழுதியோடு. வெளியே வர ஒரு விரல்கடைதான் பாக்கி இருந்திருக்கும்.

"மண்ணை நல்லாக் கொத்தி விட்டுட்டா அடுத்த வருஷம் வராதா?" என்றார் தையல்காரர், மெதுவாக.

"வர்றதுக்கு உள்ள உசுரோட ஒண்ணாவது இருக்கணுமேங்க."

தையல்காரர் கேமராவை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். அக்கா பழக்கதோஷத்தில் குனிந்து, மூச்சை அடக்கி, கண்ணை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் சரியாக இருந்தது. தேனீயின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. கை ஆடவில்லை. இத்தனை வருஷமாகத் தேடிய படம் கண்ணுக்குள் அப்படியே நின்றது.

விரல் பொத்தானில் இருந்தது. அழுத்தவில்லை.

"கொஞ்சம் அசையேன்" என்றார் அக்கா.