குன்னூர் நீதிமன்றத்துக்கு ஒரே பேருந்து

கடந்த மார்ச்சில், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தின் மூன்றாம் வாரம், கோத்தகிரிக்குப் போனேன். அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் செல்வராணி, மகளின் சாவுக்குக் காரணமான டிரைவரை மன்னித்துவிட்டதாகச் சர்ச்சில் சபையின் முன் எழுந்து சொன்னார் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். முப்பது வருடம் நிருபராக இருந்தவன் நான். இதையெல்லாம் நேரில் பார்க்காமல் நம்புவதில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 9.15 பேருந்து, 33 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், 40 ரூபாய். கோத்தகிரியிலிருந்து எஸ்டேட்டுக்கு ஆட்டோ 300 ரூபாய். (பேரம் பேசலாம். நான் பேசவில்லை.)

கொழுந்து மூட்டைகளை ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் டிராக்டரில், மூட்டைகளின் மேல் பெண்கள் ஏறிக்கொள்வது இங்கே வழக்கம். ஏறக் கூடாது என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கச் சரிவில் நின்ற கால்களுக்கு நான்கு கிலோமீட்டர் பெரிய தூரம். இரண்டு வருடங்களுக்கு முன், டீசல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு ஓட்டினார் டிரைவர் சுரேஷ். வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. கவிழ்ந்த மூட்டைகளுக்கு அடியில் செல்வராணியின் மகள் ஜெனிபர் இறந்துபோனாள். இருபது வயது. பக்கத்தில் இருந்த செல்வராணிக்குக் கை முறிந்தது.

நான் போன மறுநாள், சுரேஷ் மீதான வழக்கில் அவர் குன்னூரில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. எஸ்டேட்டிலிருந்து குன்னூருக்குக் காலையில் 7.10க்கு ஒரே பேருந்துதான். சுரேஷும் அவர் மனைவி கவிதாவும் அதிலேயே பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். சபை மூப்பர் தங்கராஜ், செல்வராணியின் பக்கம் குனிந்தார்.

"ஏனுங்க அக்கா, சபையில மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்கல்ல? கோர்ட்டுல ஞாபகம் இல்லைன்னு சொல்லீருங்க. பையன் பொழச்சுப் போறான்."

"சொர்க்கத்துக்குப் பஸ் உட்டா மூப்பரு முன்சீட்டுல துண்டு போட்டிருவாரு" என்றார் பின்னாலிருந்த ஒரு பெண். சிலர் சிரித்தார்கள்.

செல்வராணி சிரிக்கவில்லை. "சிலுவையில ஆணி அடிச்சவங்கள அவரு மன்னிச்சாருங்க. ஆணியே அடிக்கலைன்னு சொல்லல."

நீதிமன்றத்தில் 11.40க்குக் கூப்பிட்டார்கள். மொத்தம் எட்டு நிமிடம். வண்டி கியரில் இருந்ததா என்று கேட்டார்கள்.

"இல்லைங்க. நியூட்ரல்ல உட்டாரு." பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்: "மேல வாடின்னு அவ கையப் புடிச்சு ஏத்துனது நானுங்க. அதையும் எழுதிக்குங்க."

தட்டச்சு செய்தவர் நீதிபதியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

திரும்பும் பேருந்து 4.30க்கு. அதில் கவிதா எழுந்து செல்வராணியின் முன்னால் வந்து நின்றார். "இதுதான் உங்க மன்னிப்பா?"

"சும்மா இரு புள்ள" என்றார் சுரேஷ். "அக்கா இல்லாததையா சொன்னாங்க?" மூப்பர் வேறு சீட்டுக்கு மாறிவிட்டார்.

எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லயன் வீட்டில் பால் இல்லாத டீ கொடுத்தார் செல்வராணி. இந்தத் துயரத்துக்கு ஏதாவது அர்த்தம் தெரிந்ததா என்று கேட்டேன்.

"எதுக்குன்னு கர்த்தர் எங்கிட்டச் சொல்லல சார். ஒரு வேலை மட்டும் குடுத்திருக்காரு." தினமும் சாயங்காலம் டிராக்டருக்கு முன்னால் போய் நிற்கிறார். மேலே இருக்கும் பெண்கள் இறங்கும்வரை நகர மாட்டார். "சாபம் உடறாளுக. ஆனா இறங்கீர்றாளுக."

பிறகு அவர் என்னைக் கேட்டார். "தண்டனை ஆச்சுன்னா கோயமுத்தூர் ஜெயிலுங்களா? நீங்க ஊர் ஊராப் போறவரு. எந்த பஸ்ஸுன்னு எழுதிக் குடுங்க. கவிதா அந்தப் பக்கமே போனதில்ல. தனியா எப்படி அனுப்பறது?"

மன்னிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எதிலும் பேருந்து நேரம் வந்ததில்லை. எழுதிக் கொடுத்ததை இங்கேயும் தருகிறேன்: கோத்தகிரி வரை ஆட்டோ, அங்கே காலை 5.45 பேருந்து, மேட்டுப்பாளையத்தில் 7.15. அங்கிருந்து காந்திபுரம் ஒன்றேகால் மணி நேரம். இறங்கினால் சிறை நடக்கும் தூரம். ஆதார் அட்டை அவசியம்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அன்று அவர் தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம பாக்க உடுவாங்களா? ரெண்டு பேரும் லீவு போட்டா எஸ்டேட்டுல கேப்பாங்க" என்றார். தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.