கூமுட்டையும் மண்ணாந்தையும்

என் வீட்டுத் திண்ணை உத்தரத்தில் தொங்கும் பூண்டை உள்ளே எடுத்து வைக்க வேண்டுமாம். பக்கத்தில் காட்டேஜ் நடத்தும் சித்தப்பா மகன் வேலுச்சாமி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொன்னான். "அக்கா, வாடை தாங்கலைன்னு கெஸ்ட்டுங்க கம்ப்ளெயின்ட் பண்றாங்க."

எனக்கோ அந்த வாடை மூக்கில் ஏறியதும் காட்டேஜ் மறைந்து, அங்கே முன்பு இருந்த எங்கள் பூண்டுக் கொட்டகைதான் தெரிந்தது: பூண்டை உலர்த்த மண்தரையில் புகையும் ஈர விறகு, கண் எரிச்சல், பூண்டுத் தாள் அறுக்கும் அரிவாள்களின் கரகரப்பு, எல்லாவற்றுக்கும் மேலே அம்மாவின் குரல். ஈரப் பூண்டைக் காய்ந்ததோடு கலந்தவள் கூமுட்டை. முடிச்சுப் போட இடமில்லாமல் தாளை ஒட்ட அறுத்தவள் கூறுகெட்டவள். புகைய வேண்டிய விறகைத் தீயாக எரியவிட்டவள் கேனச்சி. நிற்கும் இடம் தெரியாமல் பரப்பிய பூண்டின் மேலேயே ஏறி நிற்பவன் மண்ணாந்தை. கொடைக்கானல் பள்ளியிலோ இத்தனைக்கும் சேர்த்து 'ஸ்டுபிட்' என்று ஒரே சொல்தான். எங்கள் சொற்களைச் சொன்னதற்காக, பேசத் தெரியாதவள் என்று என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். நின்றேன், சொல்வதை விடவில்லை. ஒவ்வொரு தப்புக்கும் தனிப்பெயர் வைத்திருந்தவர்களைப் பேசத் தெரியாதவர்கள் என்று சொல்ல இவர்கள் யார்?

அந்தக் கொட்டகையில் மண்ணாந்தைப் பட்டத்தை அதிகம் வாங்கியவன் இதே வேலுச்சாமிதான். இன்னொரு கட்டுப் பூண்டை எடுத்து வந்து உத்தரத்தில் மாட்டிவிட்டு, அவனைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏலே மண்ணாந்தை, நீ நிக்கிற எடம் எதுன்னு தெரியுதா?"