துரைசாணி இட்ட முட்டைகள்

மகள் போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மடகாஸ்கரில் எப்போதோ வாழ்ந்து அழிந்த யானைப் பறவையின் முட்டையாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே ஒரு கோழி முட்டையையும் வைத்திருந்தார்கள், பூசணிக்காய்க்குப் பக்கத்தில் பாக்கு மாதிரி.

“அம்மா, இது ஒண்ணுலயே நூறு கோழி முட்டைக்கு மேல கொள்ளுமாம்.”

அந்தப் பறவை காலத்தோடு அழிந்துபோனது நல்லதாகப் போயிற்று. என் அம்மாவின் கண்ணில் பட்டிருந்தால் இதை உங்களுக்குச் சொல்ல நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன்.

றக்வானப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரு பிள்ளை ஆளானால், மூலையில் சேலை கட்டி மறைத்து உட்கார வைப்பார்கள். அதற்குக் குச்சு என்று பேர். விடிந்ததும் பச்சை முட்டை, அதுவும் நாட்டுக்கோழி முட்டைதான். உச்சியைத் தட்டி வாயில் கவிழ்ப்பார்கள். விழுங்கி முடிப்பதற்குள் அதே ஓட்டில் நல்லெண்ணெய் நிரம்பி நிற்கும். முட்டை ஓடுதான் அளவு. யானைப் பறவையின் ஓடு கிடைத்திருந்தால் எண்ணெயை வாளியோடு தூக்கி வந்திருப்பார்கள்.

நல்லெண்ணெய் வாடைக்கு எனக்கு இன்றும் துரைசாணி ஞாபகம்தான் வரும். பங்களாத் துரைசாணி இல்லை, என் கோழி. ஒரு வேலையும் செய்யாமல் லயத்து வாசலை மேற்பார்வை பார்த்து நடக்கும், அதனால் அந்தப் பேர். குஞ்சிலிருந்து நான் வளர்த்தது. அது முதல்முறை அடைக்கு வந்தபோது, பிய்ந்த கொழுந்துக் கூடையில் சருகு பரப்பி, அது இட்ட முட்டைகளை நானே வைத்தேன். குஞ்சுகளுக்குப் பேர்கூட யோசித்தாகிவிட்டது. மறுநாளே நான் ஆளானேன். உடம்புக்கு அவ்வளவு அவசரம்.

அம்மா அன்றைக்கே கூடைக்குள் கைவிட்டு அத்தனையையும் எடுத்து அரிசிப் பானையில் வைத்துவிட்டாள். நான் குச்சுக்குள் அழுதேன்.

“ஒண்ணாவது வைங்கம்மா, பாவம் அது.”

“கோழி இன்னொரு தடவ முட்ட போடும். ஒன் இடுப்பு போனா வருமா? வாயத் தொற.”

திறந்தேன். வேறு வழி?

எனக்குத் தண்ணீர் ஊற்றிக் குச்சிலிருந்து வெளியே விட்டதும் நேரே கூடையிடம் போனேன். துரைசாணி வெறும் சருகின்மேல் இறகை விரித்து உட்கார்ந்திருந்தது. மெலிந்து, கொண்டை வெளுத்துப் போயிருந்தது. கை நீட்டினேன். இல்லாத முட்டைகளுக்குக் காவலாக என்னைக் கொத்தியது. கொத்தட்டும் என்று கையை எடுக்காமல் வைத்திருந்தேன். அம்மா மேல் வந்த ஆத்திரம் வெகுநாள் அடங்கவில்லை.

இப்போது லயத்தில் பாதிப் பேர் கொழும்பில். காலையில் கோழியைத் திறந்துவிடவும் பொழுது சாய அடைக்கவும் ஆளில்லை, அதனால் கோழியும் இல்லை. போன மாதம் மகள் ஆளானபோது, நாட்டு முட்டைக்கு டவுனெல்லாம் அலைந்து, கடைசியில் ஃபார்ம் முட்டைதான் வாங்கி வந்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல குஞ்சு வருமாம்மா?”

“வராதுடி. பயப்படாம குடி.”

“அப்பவும் எனக்கு எப்பா.”

வேண்டாம் என்பதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டால் மேல்பேச்சு இல்லை என்று அவளுக்கு நினைப்பு. நானும் வற்புறுத்தவில்லை. அம்மா போய்விட்டாள், துரைசாணி போய்விட்டது, அந்தக் கூடையும் இல்லை. அத்தனை குஞ்சையும் எனக்கு ஊட்டி அம்மா காப்பாற்றிக் கொடுத்த இடுப்பு மட்டும் இருக்கிறது. மழை பிடித்தால் வலிக்கிறது.