ஊசி வலிக்காத இடம்

அந்த வருடம் தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கிய அன்று, குளித்துவிட்டு வந்த என் முதுகைப் பார்த்து மனைவி கேட்டாள்: "ஏங்க, தோள்ல என்ன வெள்ளையா இருக்கு?" சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று எரிந்து விழுந்தேன். தேய்த்தும் போகவில்லை.

காவடியன்று கோவிலில் முதுகெல்லாம் வெள்ளி ஊசி குத்தினார்கள். ஒன்று அந்த வெள்ளையின்மேலேயே இறங்கியது. வலிக்கவே இல்லை. "பாத்தீங்களா, முருகன் அருள்!" என்றார் பூசாரி, எல்லோருக்கும் கேட்கும்படி. எனக்கோ வேறொன்று நினைவுக்கு வந்தது. வெள்ளை விழுந்த இடத்தில் உணர்ச்சியும் போனால் அது குஷ்டம் என்பது எங்கள் ஊர் செமின் கிரனியேயில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் ஒருவரை அதற்காக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை.

அதன்பிறகு கரும்புக்காட்டில் கொளுத்தும் வெயிலிலும் நான் சட்டையைக் கழற்றவில்லை. கைக்குழந்தையைத் தொடவில்லை. தனித் தட்டில் சாப்பிட்டேன், தனியாகப் படுத்தேன். மனைவி ஏன் என்று கேட்காததுதான் இன்னும் பயமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து, "டோக்தேர்கிட்ட போவோம், வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். அந்த வெள்ளையில் ஊசி முனை பட்டதும் "ஆயோ!" என்று அலறினேன். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை குத்தச் சொல்லிக் கெஞ்சினேன். குத்தினார். இன்னும் நன்றாக வலித்தது.

"பா லாலெப் சா," என்றார் கிரியோலில். குஷ்டம் இல்லை.

தோலின் கறுப்பு, டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகிறதாம். சாப்பாட்டில் வராவிட்டாலும் உடம்பே அதை வேறொரு சத்திலிருந்து செய்துகொள்ளும். அதனால் அத்தியாவசியமற்றது என்று பெயர். பெயர் வைத்த மகராசன் என் தோளைப் பார்த்ததில்லை! எனக்கு டைரோசினுக்குக் குறைவில்லை, அதை நிறமாக மாற்றும் வேலை அந்த ஓரிடத்தில் நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். பயத்தில் நெஞ்சைப் படபடக்க வைக்கும் சுரப்பும் அதே டைரோசினிலிருந்துதான் உண்டாகிறது என்று பின்னாளில் படித்தேன். அந்த வேலை மட்டும் எனக்கு ஒரு வாரமாக ஓயவே இல்லை. காவடியன்று மற்ற ஊசிகளும்தான் வலிக்கவில்லை. அது என் மரமண்டையில் ஏறவில்லை.

வெளியே வந்தேன். மனைவி என் சட்டையிலிருந்த ரத்தப்பொட்டைப் பார்த்தாள்.

"வலிச்சுதா?"

"உயிரே போச்சு."

அப்படியே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "பிள்ளைய எங்கம்மாகிட்ட விட்டுட்டு நானும் உங்ககூட வண்டியில ஏறிடலாம்னு துணியெல்லாம் கட்டி வச்சிருந்தேன்," என்றாள்.