என் துண்டும் இரண்டு தொகுதியும்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்கு விடிகாலை ஐந்து மணி பஸ். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்தது. ஜன்னல் மூடவில்லை, அது வேறு விஷயம்.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இமயமலைக்குப் போகிறார்கள். நான் போனது மொத்தமே முப்பது கிலோமீட்டர்தான், அதிலும் பாதியைத் தூங்கிக் கழித்துவிட்டேன். ஆகவே குன்றக்குடி மலையையும் பிள்ளையார்பட்டி கோபுரத்தையும் இதில் தேடாதீர்கள். அவை என்னைப் பார்த்திருக்கலாம், நான் அவற்றைப் பார்க்கவில்லை. எனக்குத் தொழில் பஞ்சர் ஒட்டுவது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. தப்பு யார் மேல் என்று இன்றுவரை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசவில்லை.

போனது மீன் பிடிக்க. என் சம்சாரத்தின் தம்பி செல்வத்துக்கு நொச்சியேந்தல் என்று ஒரு சின்ன ஊர். கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அங்கே மீன்பிடித் திருவிழா. யார் வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம், காசு கிடையாது. சட்டம் ஒன்றே ஒன்று. கரையில் உள்ள மடை மேல் ஏறி நின்று ஊர்ப் பெரிய ஆள் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை தண்ணீரில் ஒரு கால் படக்கூடாது. வீசிவிட்டால் அப்புறம் யாரும் யாரையும் தடுக்கக்கூடாது.

திருப்பத்தூரில் இறங்கி ஒரு டீ, பதினைந்து ரூபாய். மினி பஸ் கண்டக்டர் என் கையில் இருந்த ஊத்தாவைப் பார்த்தார். ஊத்தா என்றால் மூங்கில் குச்சியில் கட்டிய, அடிப்பக்கம் இல்லாத கூடை. மீன் மேல் கவிழ்த்துவிட்டு, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும்.

"அண்ணே, இதுக்கு லக்கேஜ் போடணும்ல."

"அடியே இல்லாத கூடைக்கு என்னய்யா லக்கேஜ்?"

"அப்ப வரும்போது மீனுக்குப் போட்டுக்கிறேன்." என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க மீனு பிடிக்கப் போறீக, சும்மா வாங்க" என்றார். ஒன்பது கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். அவமானத்தில் லக்கேஜ் காசு அஞ்சு ரூபாய் மிச்சம்.

ஏழு மணிக்கு, ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் செல்வம் நின்றான். சிரிக்கவில்லை. சம்சாரத்தின் தம்பி எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முறை. மாப்பிள்ளை சிரிக்காமல் நின்றால் ஒன்று என் தங்கையைக் கட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்பான், இல்லை வயல் சங்கதி இருக்கும். எனக்குத் தங்கை இல்லை. அதனால் வயல்தான்.

"ரெண்டு வருசமா நடவே இல்ல மச்சான்" என்றான் நடந்துகொண்டே. "மடையோட இரும்புப் பலகை துருப்பிடிச்சு அடியில பாதி இல்ல. மழ பேஞ்சு கம்மா நெறைஞ்சாலும் தை மாசம் வரைக்கும் தண்ணி நிக்க மாட்டேங்குது. சாக்குல மண்ணக் கட்டி அடைச்சு வச்சதுனாலதேன் மீனுக்கு இந்த முழங்காத் தண்ணியாச்சும் கெடக்கு. இந்த ஐப்பசிக்குள்ள பலகை போடலைன்னா நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு திருப்பூருக்குப் போயிர வேண்டியதுதேன்."

"எம்.எல்.ஏ.கிட்ட சொல்லலையா?"

"எந்த எம்.எல்.ஏ.கிட்ட?"

அப்போதுதான் விவரம் சொன்னான். முன்பு கண்மாயின் இந்தப் பக்கம் உள்ள நொச்சியேந்தலும் அந்தப் பக்கம் உள்ள வேலன்வயலும் ஒரே தொகுதி. பிறகு தொகுதி மறுவரையறை என்று கோடு மாற்றிப் போட்டபோது இரண்டு ஊரும் இரண்டு தொகுதியாகிவிட்டன. தொகுதிகளின் பேரைச் சொன்னால் வம்பு. ஊர்க்காரர்களே இங்குட்டுத் தொகுதி, அங்குட்டுத் தொகுதி என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

"மடை நிக்கிறது அங்குட்டுத் தொகுதியில. அதுல பாயிற வயலு பூராம் இங்குட்டுத் தொகுதி. நாங்க ஓட்டுப் போடுறவரு, 'மடை என் எல்லையில இல்லையேப்பா'ங்கிறாரு. மடை இருக்கிற எல்லைக்காரரு, 'வயலு என் ஆளுக வயலு இல்லையே'ங்கிறாரு. ரெண்டு பேரு சொல்றதும் நாயமாத்தேன் இருக்கு. அதான் மச்சான் கடுப்பா இருக்கு."

கரை ஏறியதும் நான் கேட்டேன்: "கோடு எங்க மாப்ள?"

"கண்ணுக்குத் தெரியாது மச்சான்."

எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. டியூப்பில் ஓட்டையும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் முக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

கண்மாயைச் சுற்றி ஆயிரம் பேராவது இருப்பார்கள். ஊத்தா, கொசுவலை, கிழிந்த சேலை, ஒருவரிடம் மின்விசிறியின் மூடி. எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அமைதியாக நின்றார்கள். கல்யாணப் பந்தியில்கூட இவ்வளவு பேர் இலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

நொச்சியேந்தல் பஞ்சாயத்துத் தலைவியை ஊரில் பிரசிடெண்டு அக்கா என்கிறார்கள். இந்த வருடத் திட்டம் அவருடையது. இரண்டு எம்.எல்.ஏ.க்களையும் விழாவுக்கு அழைத்து, மடைக்குப் பக்கத்தில் ஒன்றாக நிற்க வைத்துவிட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்ட முடியாது. ஆனால் துண்டை வீசுவது யார்? எங்கள் ஆள் என்று இந்த ஊரும், எங்கள் ஆள் என்று அந்த ஊரும் ஒரு வாரம் பேசி, கடைசியில் ஒரே துண்டை ஆளுக்கு ஒரு நுனி பிடித்து வீசுவது என்று முடிவாகியிருந்தது.

"யாரு மொதல்ல கையத் தூக்குனாலும் இன்னொருத்தரு கோவிச்சுக்கிட்டுப் போயிருவாரு" என்று அக்கா கையைப் பிசைந்தார். "அப்பறம் பலகையும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. எட்டு மணிக்கு வாராக. சாமி கும்பிட்டுக்கங்க."

நான் சாமி கும்பிட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக மடையைப் பார்க்கப் போனேன். ஓட்டை என்று ஒன்று இருந்தால் கிட்டப் போய்ப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது, அது தொழில் புத்தி. கல்மேடை மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். பலகையின் கீழ்ப்பாதி உண்மையிலேயே இல்லை, சாக்கு மூட்டைகள்தான் தம் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு கட்டெறும்பு என் பிடரியில் கடித்தது. தோளில் கிடந்த துண்டை உருவி உதறினேன்.

வெள்ளைத் துண்டு.

ஓவென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆயிரம் பேரும் தண்ணீருக்குள். "டேய், டேய், நான் இல்லடா!" என்று கத்தினேன். அதை வெற்றிக் கூச்சல் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினார்கள்.

செல்வம் மட்டும் கரையில் நின்றான். என்னைப் பார்த்த பார்வையில் திருப்பூர் பஸ் தெரிந்தது. "என்ன மச்சான் செஞ்சீக?" என்றான், கத்தாமல். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். எறும்புக் கதையைச் சொன்னேன், அக்காவிடம் சொல்லப் போனான்.

எட்டேகால் மணிக்குக் கரையின் இரண்டு முனையிலும் இரண்டு கார். மாலை போட ஆள் இல்லை, மேளக்காரர்கூட விரால் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமிருந்து நடந்துவந்து, வேறு காய்ந்த இடம் இல்லாததால் மடை மேடையில் ஏறினார்கள். அங்கே ஏற்கெனவே துண்டோடு நான்.

"யாருய்யா வீசுனது?" என்றார் இங்குட்டு எம்.எல்.ஏ. கேட்டது என்னை, பார்த்தது அங்குட்டு எம்.எல்.ஏ.வை.

நான் வாயைத் திறப்பதற்குள் பிரசிடெண்டு அக்கா சேற்றுக் காலோடு ஓடிவந்தார். "அய்யா, இவுக காரைக்குடி. உங்க தொகுதியும் இல்ல, அவுக தொகுதியும் இல்ல. எறும்பு கடிச்சுத் துண்ட ஒதறிட்டாக."

இரண்டு பேரும் என் பிடரியைப் பார்த்தார்கள். நல்லவேளை, வீங்கியிருந்தது.

"அப்ப அவரு வீசல?" என்றார் இங்குட்டு எம்.எல்.ஏ. "இல்லய்யா." "இவரும் வீசல?" என்றார் மற்றவர். "இல்லவே இல்லய்யா."

முதலில் அங்குட்டு எம்.எல்.ஏ. சிரித்தார். தான் வீசாவிட்டாலும் அடுத்தவர் வீசவில்லை என்பதில் ஒரு மனிதருக்கு எவ்வளவு நிம்மதி வருகிறது என்பதை அன்று பார்த்தேன். அந்தச் சமயம் காலுக்குக் கீழே தடால் என்று ஒரு சத்தம். உள்ளே ஆயிரம் பேர் கலக்கிய கலக்கில் சாக்கு மூட்டை பிய்ந்து, மடை வழியாகத் தண்ணீர் பீறிட்டது. கெண்டையும் கெளுத்தியும் அந்தத் தொகுதியிலிருந்து இந்தத் தொகுதி வாய்க்காலில் போய் விழுந்தன. வாய்க்காலில் நின்ற பெண்கள் சேலை முந்தானையை விரித்துப் பிடித்தார்கள்.

முக்கிப் பார்த்தால் தெரியும் என்றேனே, தெரிந்துவிட்டது.

"இவ்வளவு பெரிய ஓட்டையா?" என்றார் ஒருவர். "என் எல்லையில இருக்கு, பலகைய நான் போட்டுர்றேன்" என்றார் அங்குட்டு எம்.எல்.ஏ. "அப்ப வாய்க்காலுக்குக் கல்லுக்கட்டு என் கணக்கு" என்றார் இங்குட்டு எம்.எல்.ஏ. அக்கா இரண்டு பேரையும் அதைச் செல்போன் முன்னால் இன்னொரு தடவை சொல்ல வைத்தார். மீன் குழம்போடு அனுப்பிவைத்தோம். நான் பிடித்த மீன் ஒன்று. அதுவும் தானாக என் ஊத்தாவுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டை.

மதியம் செல்வம் என்னை விலக்கு ரோட்டில் விட்டான். இப்போதும் சிரிக்கவில்லை, ஆனால் திருப்பூர் பேச்சும் இல்லை.

"செய்வாகளா மாப்ள?"

"ஐப்பசி வரட்டும் மச்சான், பாப்போம். இன்னொரு சேதி. ரெண்டு ஊரும் கூடிப் பேசிட்டாக. இனிமே வருசா வருசம் வெளித்தொகுதி ஆளுதேன் துண்டு வீசணுமாம். அடுத்த வருசமும் நீங்கதேன். ஆனா மடை போட்டாத்தான் தண்ணி நிக்கும், தண்ணி நின்னாத்தான் மீனு. மீனு இல்லாட்டி உங்க துண்டுக்கு வேல இல்ல, பாத்துக்கங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பதவி வந்தால் தூக்கம் போய்விடும் என்பார்கள், சரிதான். பின் சீட்டில் இரண்டு பேர் மறுபடியும் தொகுதிகளின் கோட்டை மாற்றப் போகிறார்களாம் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். இதுவரை அந்தப் பேச்சு வந்தால் நான் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். இப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். புதுக் கோட்டில் அந்தக் கண்மாயும் வயலும் ஒரே பக்கம் விழுந்தால் செல்வத்துக்கு நல்லது. ஆனால் அதே கோடு காரைக்குடியையும் இழுத்து அந்தப் பக்கம் சேர்த்துவிட்டால் நான் வெளித்தொகுதி ஆள் இல்லை, துண்டும் என் கையில் இல்லை.

இறங்கும்போது பின் சீட்டுக்காரரிடம் கேட்டேவிட்டேன்: "அண்ணே, கோடு எப்பப் போடுறாக?"

"ஏன், உங்களுக்கு என்ன கவலை?"

"பதவியில இருக்கேன்ணே" என்றேன்.